தம்பிக்கு ஏன் அப்படின்னு புள்ள கேட்டா: டவுன் சிண்ட்ரோமும் படப்புத்தகமும் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஆச்சி. மூத்தவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. சின்னவனுக்கு டவுன் சிண்ட்ரோம். இதயத்துல இருந்த ஓட்டைக்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நல்லா இருக்கான். மூத்தவகிட்ட நாங்க எதுவும் சொன்னதில்ல. போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரப் புள்ள ஒண்ணு "உங்க தம்பி ஏன் நாக்க நீட்டிக்கிட்டே இருக்கான், ஏன் இன்னும் நடக்கல"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கவும் இவ அழுதுட்டா. வீட்டுக்கு வந்தா எங்க மாமியார், கிரகணத்தப்ப உங்கம்மா வெளிய வந்தா, அதான்னு அவகிட்ட சொல்லியிருக்காங்க. படப்புத்தகம் வச்சு சொல்லிக்குடுன்னு ஒரு பிரெண்டு சொல்றா. எந்த மாதிரி புத்தகம் வாங்குறது, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த அழுத புள்ளயப் பாப்போம், புத்தகம் அப்பறம். நீங்க சொல்லலைங்கிறதால அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுனது, அவள ஆயா வீட்டுல விட்டுட்டுப் போனது, நீங்க ராத்திரி அழுதது எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்திருப்பா. பெரியவங்க காரணம் சொல்லலைன்னா சின்னப் புள்ளைங்க தானா ஒரு காரணத்தப் புடிச்சுக்கும், அது பாதி நேரம் "என்னாலதான்"னு இருக்கும். தம்பி வேணாம்னு ஒருநாள் கோவத்துல நெனச்சேன், அதான் அவனுக்கு இப்படின்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியுற புள்ளைங்க நெசமாவே உண்டு. அதனால இன்னைக்கு ராத்திரியே பக்கத்துல படுக்க வச்சு, நீ ஒண்ணும் பண்ணல, அம்மாவும் பண்ணல, அப்பாவும் பண்ணல, யாரும் எதுவும் பண்ணாமலே சில புள்ளைங்களுக்கு இப்படி இருக்கும்னு வாய் தொறந்து சொல்லிடுங்க. இதுக்குப் புத்தகம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நம்ம ஒடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் 46 குரோமோசோம், அதாவது பரம்பரைக் குணத்தத் தாங்குற இழை, இருக்கு, அம்மாகிட்ட இருந்து 23, அப்பாகிட்ட இருந்து 23, ஜோடி ஜோடியா. இதுல 21ஆவது மட்டும் ரெண்டுக்குப் பதிலா மூணு வந்துட்டா அதுதான் டவுன் சிண்ட்ரோம். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நடந்து முடிஞ்சிருது, அதாவது நீங்க முழுகாம இருக்கீங்கன்னு ஒங்களுக்கே தெரியுறதுக்கு முன்னாடி. அப்பறம் நீங்க எந்தக் கிரகணத்துல வெளிய வந்தா என்ன, வராட்டி என்ன. பாரிஸ்ல மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜுன், ரேமோன் துர்பேன்னு மூணு டாக்டருங்க இந்தக் கூடுதல் குரோமோசோம கண்டுபிடிச்சுச் சொன்னது 1959ல, இத்தன வருஷம் கழிச்சும் நம்ம வளவுல, அதான் வீட்டு முத்தத்துல, உக்காந்து பெத்தவ மேல பழி போட்டுக்கிட்டு இருக்கோம்னா மனசு ஆறமாட்டேங்குது.

இத ஆறு வயசுக்கு எப்படிச் சொல்றது? ஒங்க வீட்டுல பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறத அவ பாத்திருப்பா இல்லையா, தெனம் ஒண்ணா 21 நூல் இழை. ஒடம்புக்குள்ள அந்த இழைய விடச் சின்னதா, கண்ணுக்கே தெரியாம ஜோடி ஜோடியா இழை இருக்கு, தம்பிக்கு 21ஆவது ஜோடியில ஒரு இழை கூட இருக்கு, அதனாலதான் அவன் எல்லாத்தையும் மெதுவா கத்துக்கிறான்னு சொல்லுங்க, சட்டுனு புடிச்சுக்குவா. ஆனா நோன்புக்கும் இதுக்கும் தொடர்பு இல்ல, நம்பர் மட்டும்தான் ஒண்ணுன்னும் கையோட சொல்லிடணும், இல்லன்னா சாமி குத்தமோன்னு அடுத்த கதை கெளம்பிரும்.

இப்ப புத்தகம். தமிழ்ல டவுன் சிண்ட்ரோம் பத்தி நேரடியாப் பேசுற படப்புத்தகம் ரொம்பவே கம்மி. குழந்தைகளுக்காகவே எழுதுன அழ. வள்ளியப்பா பொறந்த ராயவரம் நம்ம பக்கத்துலதான் இருக்கு, அப்படிப்பட்ட பூமியில இருந்துக்கிட்டு இதுக்கு இங்கிலீஷ் புத்தகத்த தேட வேண்டியிருக்கேங்கிறது எனக்குப் பெரிய ஆதங்கம். இங்கிலீஷ் புத்தகம் கெடச்சா வாங்குங்க, எழுத்த அப்படியே படிக்க வேணாம், படத்தக் காட்டி நம்ம பேச்சுல நீங்களே கதையச் சொல்லுங்க. காசு குடுக்க முடியலைன்னா பிரதம் புக்ஸ்காரங்களோட ஸ்டோரிவீவர்னு 2015ல இருந்து ஒரு தளம் இருக்கு, தமிழ்லயும் கதைங்க இருக்கு, போன்லயே சும்மா படிக்கலாம். மெதுவாக் கத்துக்கிற புள்ள, பேச்சு வராத புள்ள, ஒருத்தரவிட இன்னொருத்தர் வேற மாதிரி இருக்கிறதுன்னு வர்ற கதைங்களத் தேடிப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் ஒருதடவ முழுசாப் பொரட்டிப் பாத்துடுங்க. அந்தப் புள்ள கதையில என்ன பண்ணுதுன்னு கவனிங்க. மத்தவங்க கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க, சோறு ஊட்டுறாங்க, கண்ணீர் விடுறாங்க, அந்தப் புள்ள சும்மா உக்காந்திருக்குன்னா அது வேணாம். கடைசியில ஒரு மெடல் வாங்கினப்பறம்தான் எல்லாரும் சேத்துக்கிட்டாங்கன்னு முடியுற கதையும் வேணாம், மெடல் வாங்காத புள்ளய என்ன பண்றது? முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருக்கிற தெய்வக் குழந்தைன்னு காட்டுற புத்தகமும் எனக்கு ஒப்பாது. இந்தப் புள்ளைங்களுக்கும் கோவம் வரும், அடம் பிடிப்பாங்க, பொம்மைய ஒளிச்சு வைப்பாங்க. வெளையாடுற, சண்டை போடுற, தானா ஒண்ணத் தேர்ந்தெடுக்கிற புள்ளயா வர்ற புத்தகம் போதும், டவுன் சிண்ட்ரோம்ங்கிற பேரு ஒரு பக்கத்துல வந்தாலே போதும்.

ஆனா ஒங்க வீட்டுக்கு நான் சொல்றது, நீங்களே ஒண்ணு பண்ணுங்க. அத விட நல்ல புத்தகம் கடையில கெடைக்காது. பத்துப் பக்கம், பக்கத்துக்கு ஒரு போட்டோ, கீழ ஒரே ஒரு வரி பெரிய எழுத்துல. ஒரு விஷயம், போட்டோவ ஆத்தங்குடி கல்லு பாவின தரையில அப்படியே எடுத்துடாதீங்க, அந்தப் பூவும் கட்டமும் கண்ணப் பறிச்சுரும், சின்னவனுக்குப் படத்துல எது ஆளு எது தரைன்னு தெரியாது. கீழ ஒரு வெள்ள வேட்டிய விரிச்சு அது மேல உக்கார வச்சு பகல் வெளிச்சத்துல எடுங்க. ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி, முனைய வளைச்சு வெட்டச் சொல்லி, ஸ்பைரல் போட்டு வாங்கிடுங்க, அவன் வாயில வச்சாலும் கிழியாது, குத்தாது.

வரிய மூத்தவ சொல்லணும், நீங்க எழுதணும். "இது என் தம்பி. கும்மாயம் குடுத்தா வாயத் தொறப்பான். என் முடியப் புடிச்சு இழுப்பான், எனக்குக் கோவமா வரும். அவன் இதயத்துல ஓட்டை இருந்துச்சு, டாக்டர் அடைச்சுட்டாங்க. அவன் தசை கொஞ்சம் தளர்வா இருக்கு, அதனால நடக்க நாளாகும். நாங்க ரெண்டு பேரும் திண்ணையில பந்து உருட்டுவோம்." இந்த மாதிரி. முடிய இழுக்கிற பக்கத்த எடுத்துடாதீங்க, அவளுக்குத் தம்பி மேல கோவம் வரலாம், அத வெளிய சொல்லலாம்ங்கிறது அந்தப் பக்கத்துலதான் இருக்கு. ஒரு பக்கத்துல "தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அது ஒட்டிக்காது. அது போகாது, எப்பவும் இருக்கும். அவன் வளருவான், கத்துக்குவான்"னு வரட்டும். எப்பச் சரியாகும்னு அவ கண்டிப்பாக் கேப்பா, ஆபரேஷன் பண்ணி இதயத்தச் சரி பண்ணிட்டாங்களே இதையும் பண்ணிடுவாங்கன்னு நெனச்சுக்குவா, அதனால ரெண்டும் வேற வேறன்னு தெளிவாச் சொல்லிடுங்க. டவுன் சிண்ட்ரோமோட பொறக்குற புள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்துல ஏதாவது இருக்கும், அத பாக்க முடியும், சரி பண்ண முடியும். குரோமோசோம மாத்த முடியாது.

நடக்கிறத பத்தி நீங்களும் தெரிஞ்சுக்கோங்க, இந்தப் புள்ளைங்க சராசரியா ரெண்டு வயசு வாக்குல நடப்பாங்க, சிலருக்கு மூணு, நாலு கூட ஆகும், ஒங்க பையனுக்கு ஒன்றரைதான் ஆகுது, பிசியோதெரபிய மட்டும் விடாதீங்க. நாக்கு வெளிய வர்றது எதுனாலன்னா வாய் உள்பக்கம் கொஞ்சம் சின்னதா இருக்கும், நாக்குத் தசையும் தளர்வு, அவ்வளவுதான். அடுத்த கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூத்தவளுக்கு ஒரு பதில தயார் பண்ணிக் குடுங்க. "அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், மெதுவாத்தான் நடக்கக் கத்துக்குவான், வா பந்து வெளையாடலாம்." அழாம சொல்ல அவளுக்குக் கையில ஒரு வாக்கியம் இருந்தாப் போதும், மத்த புள்ளைங்க பந்துகிட்ட ஓடிரும்.

அப்பத்தாவோட சண்டைக்குப் போகாதீங்க. புத்தகம் ரெடியானதும் அவங்க கையிலயே குடுத்து, ராத்திரி பேத்திக்கும் பேரனுக்கும் நீங்கதான் படிச்சுக் காட்டணும்னு சொல்லிடுங்க. டாக்டர் சொன்னத நீங்க சொன்னா மருமக பேச்சு, அதே வரிய தன் வாயால பேத்திக்குத் தெனம் படிச்சா அது அவங்க பேச்சா ஆயிரும். ஆனா புள்ளைங்க முன்னாடி "பாவம், இப்படிப் பொறந்துருச்சே"ன்னு யாராச்சும் ஆரம்பிச்சா அது யாரா இருந்தாலும் அங்கயே நிறுத்துங்க, அவன் கைக்குழந்தைதான், ஆனா அவளுக்கு எல்லாம் வெளங்கும், கொஞ்ச நாள்ல அவனுக்கும் வெளங்கும்.

கேள்வி: சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டோம், அதனாலதான் எங்க புள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம்னு ஊர்ல சொல்றாங்க. நெசமா?
- ஒரு வாசகர், கொத்தமங்கலம்

பதில்: இல்லைங்க. சொந்தத்துல முடிச்சா வேற சில பரம்பரை நோய்க்கு வாய்ப்புக் கூடும், அது உண்மை, ஆனா டவுன் சிண்ட்ரோமுக்கு அது காரணம்னு சொல்ல முடியாது. தாயோட வயசு ஏற ஏற வாய்ப்பு ஏறும், 35 வயசுல சுமாரா 350ல ஒண்ணு, 40ல 100ல ஒண்ணு, ஆனா சின்ன வயசு அம்மாக்களுக்கும் பொறக்கும். நூத்துக்கு மூணு நாலு பேருக்கு மட்டும் குரோமோசோம் இடம் மாறி ஒட்டிக்கிற வகை, அதுல சிலது பெத்தவங்க வழியா வரலாம். புள்ளையோட குரோமோசோம் டெஸ்ட் ரிப்போர்ட்ல எந்த வகைன்னு போட்டிருக்கும், அடுத்த புள்ள யோசிக்கிறீங்கன்னா அதோட மரபியல் டாக்டரப் பாருங்க.

கேள்வி: காரைக்குடியில ஒரு ஸ்கூல்ல யுகேஜி டீச்சரா இருக்கேன். ஜூன்ல டவுன் சிண்ட்ரோம் இருக்கிற ஒரு பொண்ணு எங்க கிளாஸ்ல சேருறா. மொத நாளே ஒரு படப்புத்தகம் படிச்சு மத்த புள்ளைங்களுக்கு அவளப் பத்திச் சொல்லிடலாம்னு நெனைக்கிறேன். சரியா?
- ஒரு ஆசிரியை, காரைக்குடி

பதில்: டீச்சர், ஒங்க நல்ல மனசு புரியுது, ஆனா மொத நாள் வேணாம். மொத நாள் ஒரு கதையப் படிச்சுட்டு "இவ அந்த மாதிரி"ன்னு கைய நீட்டுனா அந்த வருஷம் பூரா அவ கிளாஸுக்கு அந்தக் கதைப் பொண்ணாவேதான் இருப்பா. மொதல்ல பெத்தவங்களக் கூப்பிட்டுப் பேசுங்க, பேரச் சொல்லலாமா, எப்படிச் சொல்லலாம்னு அவங்க விருப்பத்தக் கேளுங்க, அது அவங்க வீட்டு விஷயம், அவங்க சம்மதம் இல்லாம எதுவும் படிக்காதீங்க. அவங்க சரின்னா, ஜூன் முழுக்க தெனம் படிக்கிற கதைங்களுக்கு நடுவுல இதுவும் ஒண்ணா வரட்டும். ஒரு நாள் கண்ணாடி போட்ட பையன் கதை, ஒரு நாள் திக்குவாய் புள்ள கதை, ஒரு நாள் இது. மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம், 2012ல இருந்து ஐ.நா. சபையும் அனுசரிக்குது, 21ஆவது குரோமோசோம் மூணு இருக்கிறதாலதான் மூணாவது மாசம் 21ஆம் தேதி. அன்னைக்கு மட்டும் அவள மேடையில ஏத்தி கைதட்டுறத விட ஜூன்ல இருந்து கதைக் கூடையில அந்தப் புத்தகம் கெடக்குறது மேல்.

புள்ளைங்க கேள்விய அடக்காதீங்க. தொட்டா ஒட்டிக்குமான்னு கேப்பாங்க, ஒட்டாது. அவ பாப்பாவான்னு கேப்பாங்க, இல்ல, ஒன்ன மாதிரியே அஞ்சு வயசு, பேச்சு மட்டும் மெதுவா வருது, நீ பேசுறது அவளுக்கு நல்லாப் புரியும்னு சொல்லுங்க. இது முக்கியம், ஏன்னா இந்தப் புள்ளைங்க பேசுறத விடப் புரிஞ்சுக்கிறது எவ்வளவோ அதிகம். மத்த புள்ளைங்க பாசத்துல அவளத் தூக்கி இடுப்புல வச்சுக்குவாங்க, அவ பைய எடுத்து வைப்பாங்க, ஷூ மாட்டி விடுவாங்க, அத அன்னைக்கே நிறுத்துங்க. ஒரு கெட்டிக்காரப் பொண்ண அவளுக்கு ஹெல்ப்பர்னு போடவும் வேணாம், அது கூட்டாளித்தனம் ஆகாது. கதை நேரத்துல புத்தகத்த எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கிற வேலைய அவகிட்டக் குடுங்க, வாங்குறதுக்கு மத்தவங்க அவகிட்ட வந்து நிக்கட்டும்.

இன்னொண்ணு, இது புத்தகத்துக்கு சம்பந்தமில்ல ஆனாலும் சொல்லாம இருக்க முடியல. இந்தப் புள்ளைங்கள்ல சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வா இருக்கும், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பி.டி. பீரியட்ல தலைகீழ் கரணம் அடிக்க விடாதீங்க. அப்பறம் ஒங்க ஸ்கூல்ல யாராச்சும் இவள வேற எடத்துல சேக்கச் சொல்லலாமேன்னு இழுத்தாங்கன்னா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா ஒக்காந்து படிக்கிறதப் பத்தி எழுதியிருக்கு, 6 வயசுல இருந்து 18 வரைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயோ அவங்க விரும்புற சிறப்புப் பள்ளியிலயோ இலவசமாப் படிக்கிற உரிமையும் இருக்கு, அத எடுத்துக் காட்டுங்க.

கேள்வி: பேத்திக்கு எட்டு வயசு, டவுன் சிண்ட்ரோம். சிங்கப்பூர்ல இருக்கிறா, ஜூன் லீவுக்குப் பள்ளத்தூர் வர்றா. போன வருஷம் கதைப் புத்தகம் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பக்கத்துல எந்திரிச்சுப் போயிட்டா. கேள்வி கேட்டா பதில் இல்ல. அவளுக்குப் படிக்க வருமா? தமிழும் பேசினா கொழம்பிருவான்னு மகன் தமிழ வேணாங்கிறான். நான் என்ன பண்ணணும்?
- ஒரு ஐயா, பள்ளத்தூர்

பதில்: ஐயா, இந்த வயசுல இவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோசம். படிக்க வரும். டவுன் சிண்ட்ரோம் இருக்கிற புள்ளைங்க நிறையப் பேரு படிக்கக் கத்துக்கிறாங்க. காதுல கேட்டு ஞாபகம் வச்சுக்கிறது இவங்களுக்குக் கஷ்டம், கண்ணுல பாத்தது நல்லா நிக்கும், அதனால படமும் எழுத்தும்தான் இவங்களுக்குப் பெரிய பலம். அ, ஆவுல இருந்து ஆரம்பிக்காம முழு வார்த்தையாக் காட்டுங்க. ஒங்க போட்டோ, கீழ பெரிசா "ஐயா". அப்பத்தா போட்டோ, "அப்பத்தா". வீட்டுக் கதவு, ஊஞ்சல், தேன்குழல், மாவுருண்டை. அதே வார்த்தைய தனி அட்டையில எழுதி வச்சுக்கிட்டு, அட்டைய அந்தப் படத்து மேல வைக்கச் சொல்லுங்க, சொல்ல வராட்டியும் வைக்க வரும், கொஞ்ச நாள்ல படம் இல்லாமலே அட்டையப் பாத்து எடுப்பா. சொல்லுறது அதுக்கு அப்பறம் வரும்.

பதில் இல்லைன்னு சொல்றீங்களே, கேட்டுட்டு எவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க? நாம ஒரு கேள்வி கேட்டுட்டு அடுத்த மூச்சுல நாமளே பதிலையும் சொல்லிடுறோம். இந்தப் புள்ளைங்களுக்குக் கேட்டத மனசுல வாங்கிப் பதில் எடுக்க நேரம் வேணும், மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, எண்ணும்போது திரும்ப அதே கேள்வியக் கேக்காதீங்க, கேட்டா அவ மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். "ஏன் அப்படிப் பண்ணுச்சு"ன்னு கேக்குறத விட "பூனை எங்க?"ன்னு கேளுங்க, வெரல வச்சாலும் அது பதில்தான். கையால சைகை காட்டுவாளான்னு மருமககிட்டக் கேட்டு, எந்த சைகைக்கு என்ன அர்த்தம்னு வீடியோ கால்லயே இப்பவே கத்துக்கோங்க, வந்து எறங்குன அன்னைக்கே பேச்சு ஓடும்.

எங்க உக்காந்து படிச்சீங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. நம்ம பெரிய வீட்டு வளவுல ஒருத்தர் தும்முனா நாலு மூலையும் சத்தம் கேக்கும், மேல ஃபேன் வேற, உள்ள டிவி வேற. இந்தப் புள்ளைங்க நிறையப் பேருக்குக் காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டுக் காது மந்தமா இருக்கும், கூட்டத்துல ஒங்க குரல் அவளுக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஒரு சின்ன அறையில கதவச் சாத்திட்டு, மடியில வச்சுக்காம எதிர்க்க உக்கார வச்சு, ஒங்க வாய் அவளுக்குத் தெரியுற மாதிரி படிங்க. ரெண்டு பக்கத்துல எந்திரிச்சான்னா அன்னைக்கு ரெண்டு பக்கம்தான், சாயங்காலம் அடுத்த ரெண்டு பக்கம். எந்தப் புத்தகம்ங்கிறத அவளே எடுக்கட்டும், பக்கத்தயும் அவளே திருப்பட்டும், ஒரே புத்தகத்தத் தெனம் கேட்டாலும் அலுக்காமப் படிங்க, திரும்பத் திரும்பப் பாக்குறதுதான் அவ ஞாபகத்துல உக்காரும்.

தமிழ் வேணாம்னு மகன் சொல்றது பயத்துல. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்களோட பேச்சு பின்னுக்குப் போகலைன்னு ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க, இத மகன்கிட்ட தைரியமாச் சொல்லுங்க. ஐயாவும் அப்பத்தாவும் பேசுற மொழிய அவகிட்ட இருந்து எடுத்துட்டா லீவு பூரா அவ யாரோட பேசுவா? நீங்க தமிழ்லயே பேசுங்க, தமிழ்லயே படிங்க, ஒரே வார்த்தைய ஒரே மாதிரி சொல்லுங்க, இன்னைக்கு ஊஞ்சல், நாளைக்கு ஸ்விங்னு மாத்தாதீங்க.

அவ வர்றதுக்கு முன்னாடி மகன்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க, காதும் கண்ணும் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணாங்க, தைராய்டு பாத்தாங்களா. தைராய்டு கொறஞ்சாலும் புள்ள சோர்ந்து போயி எதுலயும் நிக்காது, அத நாம அடம்னு நெனச்சுக்குவோம். கண்ணாடி போடுறவளா இருந்தா பெட்டியில அதையும் மாத்துக் கண்ணாடி ஒண்ணும் வைக்கச் சொல்லுங்க, போன வருஷம் போடாம உக்காந்திருந்தாளான்னும் கேட்டுப் பாருங்க.